பயம் இல்லை என்று எழுதிய நூறு வீடுகள்

உளவியலில் கலாநிதிப் பட்டம் செய்வது என்பது, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டு, அதுவரை பயப்படாமல் இருந்தவர்களையும் பயப்படுத்திவிட்டு வருகிற தொழில். இதைச் சண்டை நடந்த வருடங்களில், அதுவும் கொழும்பில், அதுவும் தமிழர் வீடுகளில் செய்தவள் நான். என்னைப்போல வினாக்கொத்துக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிய சகபாடிகள் எங்கேயாவது இருந்தால், நான் சொல்லப்போவது அவர்களுக்குப் புதினமாக இராது. மற்றவர்கள் நம்பினால் நம்புங்கள்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நூறு தமிழ்க் குடும்பங்கள். பயம், பதற்றம், நித்திரை பற்றி நாற்பத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொரு வீடும் ஒருமுறை நிரப்ப வேண்டும். முதல் சுற்று முடிந்து மூன்று கிழமை கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடியும் விடை எழுத வேண்டும். இரண்டு முறையும் விடைகள் ஓரளவுக்கு ஒத்துப்போனால்தான் கேள்விகளை நம்பி மேலே போகலாம்.

எனது பதிவுக் காலத்தை ஏற்கெனவே இரண்டு தடவை நீடித்திருந்தார்கள். மார்கழி முடிவதற்குள் இந்த வேலை முடியாவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால், அதை நம்பித் தந்திருந்த தற்காலிக விரிவுரையாளர் வேலையும் போய்விடும். முப்பத்துமூன்று வயதில் மறுபடியும் வீடு வீடாகப் போய் ரியூஷன் கொடுக்க எனக்கு மனமில்லை. வீடு வீடாகப் போவது மட்டும் எப்படியும் தலையில் எழுதியிருந்தது.

முதல் வீடு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. மணியை அடித்தேன். சங்கிலி போட்டபடியே கதவு நாலு விரல் திறந்தது. "வணக்கம், நான் பல்கலைக்கழகத்திலிருந்து..." என்று தொடங்கினேன். அதற்குள் அந்த இடைவெளியால் ஐந்து அடையாள அட்டைகளும், கொழும்பில் தங்கும் தமிழர் எடுத்து வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் வெளியே வந்தன. நான் பொலிஸ் இல்லை என்று விளங்கப்படுத்த இருபது நிமிடம் பிடித்தது. விளங்கிய பிறகு அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. பொலிஸ் என்றால் எதற்கு வந்தது என்று தெரியும். இவள் எதற்கு வந்திருக்கிறாள்?

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபாலதிபர். என்னை இருத்தி, பிளேன்டீ தந்து, மனைவியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, கேளுங்கள் என்றார். முதல் ஆறு கேள்விகளுக்கும் "இல்லை" என்ற ஒரே விடை. ஏழாவது கேள்வியை வாசித்தேன்: "கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் காரணமில்லாமல் பயந்தீர்களா?" அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி யன்னலைப் பார்த்தார். கீழே காலி வீதிப் பக்கமிருந்து வந்த ஆமி ட்ரக் ஒன்று ஒழுங்கையைக் கடந்து போனது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"காரணமில்லாமல் நாங்கள் ஒருநாளும் பயப்பட்டதில்லை எண்டு எழுதுங்கோ, பிள்ளை."

பேராசிரியர் காட்டிய சலுகை

அந்த வினாக்கொத்து எனது மேற்பார்வையாளரான பேராசிரியர், தான் படித்த குளிர்நாட்டிலிருந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு கேள்வியையும் தானே இருந்து தமிழாக்கியிருந்தார். மனுசனுக்குச் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் இந்த நாற்பத்தெட்டின் மேல்தான் பட்சம் அதிகம்.

"ஒரு நாளில் இரண்டு தடவைக்குமேல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?" என்பது ஒரு கேள்வி. "யாரோ உங்களைக் கவனிப்பதாக நினைக்கிறீர்களா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் "ஓம்" என்று போட்டால் அந்த நாட்டில் அது வருத்தம், வைத்தியரிடம் போக வேண்டும். "சேர், இங்கே கவனிக்கிறார்கள்தானே" என்றேன். உண்மையைப் போட்டால் வெள்ளவத்தை முழுவதையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பொய்யைப் போட்டால் வெள்ளவத்தையைப்போல ஆரோக்கியமான ஊர் உலகத்தில் இல்லை, இரண்டில் எதை எழுதினாலும் ஆய்வு உருப்படாது என்று அரைமணி நேரம் மன்றாடினேன். ஐந்தே ஐந்து கேள்விகளை மாற்றத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேள்விகளில் கைவைக்க அனுமதியில்லை. வேண்டுமென்றால் வேறு ஊரைத் தெரிவுசெய்யலாம்."

சனிக்கிழமையும் புதன்கிழமையும்

நேருக்குநேர் கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று விளங்கியதும் முறையை மாற்றினேன். படிவத்தை வீட்டில் கொடுத்துவிட்டு வருவது, ஆறுதலாக நிரப்பி வைக்கச் சொல்வது, மறுநாள் போய் எடுப்பது. பெயர் எழுதத் தேவையில்லை, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் எந்த வீடு என்பது எனக்கு மட்டும் தெரியும். இதற்குப் பேராசிரியரும் ஒத்துக்கொண்டார். இந்த ஒரு மாற்றம் பின்னால் என்ன பாடுபடுத்தப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் மேரி அன்ரி வீடு. கணவர் துறைமுகத்தில் கிளாக். அன்ரி நல்ல மனுசி. படிவத்தை எடுக்கப்போன என்னை இருத்தி, மீன் கட்லட் இரண்டு சாப்பிட வைத்துவிட்டுத்தான் தந்தார். பார்த்தால் முப்பத்தோராம் கேள்வி வெறுமையாக இருந்தது. "செய்த தவறுகளை நினைத்து மனம் வருந்துகிறீர்களா?" என்பது கேள்வி. ஒரு கேள்வி விட்டுப்போனாலும் முழுப் படிவமும் வீண். "அன்ரி, ஓம் அல்லது இல்லை, ஏதாவது ஒன்றைப் போட்டு விடுங்கள்" என்று கெஞ்சினேன். அன்ரி சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அது பாதருக்குச் சொல்ற விசயம், மிஸ். சனிக்கிழம அவருக்குச் சொல்லி முடிச்சிட்டேன். புதன்கிழம திரும்ப உங்களுக்கும் சொல்லணுமா?"

ஆறு வீடு, ஒரு மேசை

கொட்டாஞ்சேனையிலேயே ஒரு தொடர்மாடி. ஒரே தளத்தில் ஆறு வீடுகள். ஆறு படிவங்களையும் அடுத்த நாள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் இருந்து புரட்டினேன். ஆறும் ஒன்று. பதினெட்டு வயதுப் பெட்டையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே மாதிரி நித்திரை கொள்கிறார்கள். பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போனேன்.

நடு வீட்டுப் பெண் ஒளிக்கவில்லை. பின்னேரம் எல்லோரும் தன் வீட்டு மேசையில் கூடியிருந்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் ஒரே மாதிரிப் புள்ளடி போட்டார்களாம். ஆறு வீட்டையும் கழித்துவிட்டுப் புதிதாக ஆறு வீடு தேட வேண்டுமே என்ற கொதிப்பில், ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்ப வேண்டும் என்று எத்தனை முறை சொன்னேன் என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் கோபிக்கவில்லை. வகுப்பில் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்:

"எங்க வீட்டில மட்டும் வேற மாதிரி இருந்தா, முதல்ல எங்களத்தானே மிஸ் கூப்பிட்டுக் கேப்பாங்க?"

சாவடியில் கிடைத்த உண்மை

அதே கிழமை, கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த பொலிஸ்காரருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். உள்ளே தமிழில் அச்சடித்த கட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். மனம் பற்றிய ஆய்வு என்றேன். நம்பவில்லை. வாசித்துச் சொல்லு என்றார். ஒவ்வொரு கேள்வியாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். "நித்திரை வருவது கஷ்டமாக இருக்கிறதா?" என்று நான் சொன்னதும், "ஓம்" என்றார்.

விசாரணைக்குப் பதிலாக விடை வந்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுத்த கேள்விக்கும் விடை சொன்னார். நான் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துப் புள்ளடி போடத் தொடங்கினேன். பத்தாவது கேள்வியில் அவர் மண்மூட்டையில் இருந்துவிட்டார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. ஒவ்வொரு பையைத் திறக்கும்போதும் உள்ளே குண்டு இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்றார். என்னுடையதைத் திறக்கும்போதும் அப்படித்தான் இருந்ததாம். நாற்பத்தெட்டுக் கேள்விக்கும் உண்மை விடை. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான படிவம் அது. அவர் தமிழர் இல்லை, ஆய்வில் சேர்க்க முடியாது, ஆனாலும் பேராசிரியருக்காவது காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். பொலிஸ்காரர் படிவத்தைப் பார்க்கக் கேட்டார். வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் பூட்டினார். ஆய்வுக்கு வேண்டும், தாருங்கள் என்றேன். அவர் சிங்களத்தில் சொன்னதன் தமிழ் இது:

"இது என்னோடு இருக்கட்டும், மிஸ். அடுத்த சாவடியில் உங்கள் பையை வேறு யாராவது திறந்து வாசிப்பார்கள்."

நூற்றுக்கு நூறு

இரண்டாம் சுற்று வழுக்கிக்கொண்டு போனது. முதல் சுற்றுக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. அடுத்த முறை ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கொடுத்த மறுநாளே படிவம் தயாராக இருந்தது. நூறு வீடும் முடிந்தபோது கார்த்திகை பிறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தேன். பொதுவாக முக்கால்வாசி விடைகள் ஒத்துப்போனாலே ஆய்வாளர்கள் ஆளுக்காள் கைகுலுக்கிக்கொள்வார்கள். எனக்கு வீட்டுக்கு வீடு, கேள்விக்குக் கேள்வி, அப்படியே ஒத்துப்போனது. என் தமிழ்ச் சனத்தைப்போல உறுதியான சனம் உலகத்தில் இல்லை என்று பூரித்துப்போய் இருநூறு படிவங்களையும் பேராசிரியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் ஒரு மணி நேரம் புரட்டினார். பிறகு இருபத்திரண்டாம் இலக்கத்தின் இரண்டு படிவங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் முறை அந்த வீட்டில், "யாராவது கதவைத் தட்டினால் பயப்படுகிறீர்களா?" என்ற பதினேழாம் கேள்விக்கு "ஓம்" என்று போட்டு, அதை இரண்டு கோடு இழுத்து வெட்டி, "இல்லை" என்று மாற்றியிருந்தார்கள். இரண்டாம் முறையும் "ஓம்" போட்டு, அதே இரண்டு கோடு இழுத்து வெட்டி, "இல்லை" போட்டிருந்தது. நூறையும் நானே வீட்டில் இருந்து நிரப்பினேன் என்று அவர் நினைக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. இரண்டு கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் பீடச் சபைக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். அதற்குப் பிறகு பதிவும் இல்லை, வேலையும் இல்லை, வேறெங்கும் போய்ப் படிக்கவும் முடியாது. நான் நிரப்பவில்லை சேர் என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே நம்பிக்கை வரவில்லை. பேராசிரியர் படிவங்களைத் தள்ளி வைத்தார்.

"மனிதர்கள் இப்படி விடை சொல்வதில்லை. அவசரத்தில் இருக்கிற ஆய்வாளர்கள்தான் இப்படிச் சொல்வார்கள்."

நானாவின் மிசின்

விளக்கம் எழுதுவதற்கு எல்லாவற்றிலும் ஒரு பிரதி வேண்டியிருந்தது. காலி வீதியில் ஒரு கொம்யூனிகேஷன் கடை. வெளிநாட்டு டெலிபோன் எடுக்கவும் போட்டோ கொப்பி அடிக்கவும் எப்போதும் சனம் நிறைந்திருக்கும். கடைக்காரர் ஒரு முஸ்லிம், எல்லோருக்கும் அவர் நானா. அவரிடம் படிவக் கட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, இந்தப் போமா? இத அடிச்சு அடிச்சே மிசின் தேஞ்சு போச்சு" என்றார்.

யார் அடித்தது என்று கேட்டேன். எல்லோரும்தான் என்றார். நிரப்பிய கையோடு கொண்டுவந்து ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு போவார்களாம். இரண்டாம் முறை படிவம் வந்ததும் அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கமும் ஏதோ ஒரு கடையில் இதே கூத்து நடந்திருக்க வேண்டும். நானாவின் கடை வாங்குப் பலகையில் இருந்து நான் அழுதேன். பொலிசுக்குக் கொடுக்கும் கடதாசிக்குக் கொப்பி வைத்திருப்பது சரி, நான் பொலிஸ் இல்லை, படிக்கிற பிள்ளை, இது இந்தச் சனத்துக்குத் தெரியாதா என்று கேட்டேன். நானா ஒரு நெக்டோ சோடாவை உடைத்து என் கையில் தந்தார்.

"அது எல்லாருக்கும் தெரியும், டீச்சர். ஆனா ஒரே கேள்விய ரெண்டு தரம் கேக்கிறது இந்த ஊர்ல பொலிஸ் மட்டும்தானே?"

கறுப்பு பைல்

கோபத்தோடு நேரே இருபத்திரண்டாம் இலக்க வீட்டுக்குப் போனேன். அது லலிதா அக்காவின் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கனடாவில். மகனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விசாவுக்காக வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்து இரண்டு வருடமாகக் காத்திருந்தார். நூறு வீட்டிலும் என்னைச் சங்கிலி போடாமல் உள்ளே எடுத்தவர் அவர் ஒருவர்தான். அதனால்தான் கோபம் அவர்மேல் கூடுதலாக வந்தது.

என்னைக் கத்தி முடிக்க விட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கறுப்பு பைலை எடுத்து மேசையில் வைத்தார். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வீட்டுக்காரரின் கடிதம், பொலிஸ் பதிவுத் துண்டுகள். எல்லாம் பொலித்தீன் உறைக்குள் ஒழுங்காக இருந்தன. கடைசி உறைக்குள் என் வினாக்கொத்து. வெட்டினதையும் ஏன் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டேன். "வெட்டினதும் சேர்த்துத்தானே உங்களிட்ட இருக்கு" என்றார். அவருக்கு அதில் விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை.

போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். ஒரு குற்றமும் இல்லை. கடதாசிகள் எல்லாம் சரி. கொழும்புக்கு எப்போது வந்தீர்கள் என்று தாயை ஓர் அறையிலும் மகனை இன்னோர் அறையிலும் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். லலிதா அக்கா பைலின் உறைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நான் செவ்வாய் எண்டன், அவன் வியாழன் எண்டான். அந்த ரெண்டு நாளுக்காக அவனை ஒன்பது நாள் உள்ள வைச்சிருந்தவை, பிள்ளை."

பேப்பர் இல்லாத ஒரு மணி நேரம்

இதைக் கேட்ட பிறகும் நான் அவரிடம் அதைக் கேட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன். பார்த்துத்தான் எழுதினேன் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்துத் தாருங்கள், இல்லாவிட்டால் என் படிப்பும் வேலையும் போய்விடும் என்றேன். "நான் பொய் எழுதினனான் எண்டு நானே எழுதித் தாறதோ?" என்று கேட்டார். எழும்பி வந்தேன். வேறு ஒரு வீட்டிலும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடமாக இந்தச் சனத்தின் பயத்தை அளக்க அலைந்தவள், அந்தப் பயம் கண்முன்னால் இருந்தபோது அதனிடமே கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். அன்று எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

தவணை முடிகிற நாள் காலையில், பேராசிரியரின் அறைக்கு வெளியே லலிதா அக்கா நின்றார். கமக்கட்டுக்குள் இடுக்கிய கறுப்பு பைல். வெள்ளவத்தையிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் அதைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே போனோம். அவர் தன் பிரதியை உறையிலிருந்து எடுத்துப் பேராசிரியரின் முன்னால் வைத்தார், ஆனால் ஓர் ஓரத்தில் விரலை எடுக்கவில்லை. பேராசிரியர் என் இரண்டு படிவங்களோடும் ஒப்பிட்டார். வெட்டிய இரண்டு கோடும் இருந்தன. கடையின் மிசின் விட்ட கறுப்புக் கறையும் இருந்தது. பிறகு என்னைப் பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினார்.

பேராசிரியருக்கு அதோடு விட மனமில்லை. "அப்படியானால் உண்மையான விடை என்ன, அம்மா? உங்களுக்குப் பயம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டபடி ஒரு வெள்ளைத்தாளை இழுத்து வைத்துப் பேனை மூடியைத் திறந்தார். "பேப்பரை வைச்சிட்டுக் கேளுங்கோ, சேர்" என்றார் லலிதா அக்கா. பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் தாளை மேசை லாச்சிக்குள் வைத்தார், பேனையை மூடினார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு இருந்தார். லலிதா அக்கா ஒரு மணி நேரம் கதைத்தார். மகன் திரும்பி வந்த நாளிலிருந்து தான் எப்படி நித்திரை கொள்கிறார் என்பதில் தொடங்கினார். நாற்பத்தெட்டுக் கேள்வியில் ஒன்றும் அவர் சொன்னதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. மிச்சத்தை அன்றும் நான் எழுதவில்லை, இன்றும் எழுதமாட்டேன். முடியும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றியவர் திரும்பப் போடவேயில்லை.

எனக்கு ஆறு மாத நீடிப்பும், தலைப்பை மாற்ற அனுமதியும் அந்த இடத்திலேயே கிடைத்தன. பயத்தை அளப்பதை விட்டுவிட்டு, வினாக்கொத்து இந்த ஊரில் ஏன் தோற்றது என்று எழுது என்றார் பேராசிரியர். தோற்றது தன் பிள்ளைகள் நாற்பத்தெட்டும் என்பதை அவர் தாங்கிக்கொண்ட விதத்தை நான் மெச்ச வேண்டும். லலிதா அக்கா தன் பிரதியை உறைக்குள் போட்டு, பைலைக் கட்டி, கதவடிக்குப் போனவர் நின்று திரும்பினார்.

"ஒண்டு மட்டும், பிள்ளை. அந்தப் போமில நான் 'இல்லை' எண்டு போட்டதை ஒருத்தரும் மாத்திப் போடாதேங்கோ. அது அப்பிடியே இருக்கட்டும்."

இரண்டு வருடம் அலைந்து, நூறு வீட்டுப் படியேறி, இருநூறு படிவம் சேர்த்து, இந்த ஊரில் பயத்தைப் பேப்பரில் கேட்கக்கூடாது என்பதை முந்நூறு பக்கப் பேப்பரில் எழுதிக்கொடுத்து நான் கலாநிதியானேன்.